எபிரேயத் திருநூல் கதைகளில் கண்ணாடி அமைப்பு: இனங்காணலும் மதிப்பிடலும்

ஆய்வுச் சுருக்கம்

எபிரேய விவிலியக் கதைகள் சிலவற்றில், முற்பாதியில் அ, ஆ, இ என்னும் வரிசையில் வரும் கூறுகள் பிற்பாதியில் இ, ஆ, அ என எதிர்வரிசையில் மீள்கின்றன. இவ்வமைப்பு கண்ணாடி அமைப்பு என இக்கட்டுரையில் குறிக்கப்படுகிறது. ஒரு கதையில் இவ்வமைப்பு உள்ளது என்று கூறுவது எளிது. அது பாடத்தில் உள்ளதா, ஆய்வாளர் இட்ட தலைப்புகளில் மட்டும் உள்ளதா என்று காட்டுவதே கடினம். கதை நிகழ்ச்சி தானே கோரும் இணைகளையும், கதை கோராத நிலையிலும் பாடத்தில் அமைந்துள்ள இணைகளையும் வேறுபடுத்துவதே இதற்குரிய முதன்மையான அளவுகோல் என்பதை பாபேல், வெள்ளம், யாக்கோபு, தானியேல் ஆகிய நான்கு கதைப் பகுதிகளின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கண்ணாடி அமைப்பு, எதிரிணை, எபிரேய விவிலியம், தொடக்கநூல், தானியேல், மூலத் திறனாய்வு, மையம்.

முன்னுரை

பழங்காலப் பனுவல்களின் கட்டமைப்பை ஆராய்வோர் இன்று அடிக்கடி எடுத்தாளும் கருத்தாக்கங்களுள் ஒன்று கண்ணாடி அமைப்பு. கிரேக்க நெடுங்கணக்கில் பெருக்கற்குறி போன்ற வடிவுடைய 'கை' என்னும் எழுத்தின் பெயரால் மேலை நாட்டார் இதனைக் 'கையாஸ்மஸ்' என்பர். நான்கு சொற்களை இரண்டிரண்டாக மேலும் கீழும் எழுதி, இணையான சொற்களைக் கோடுகளால் சேர்த்தால் அவ்வெழுத்தின் வடிவம் கிடைக்கும் என்பதே பெயர்க்காரணம். நீண்ட கதைகளில் இவ்வமைப்பு காணப்படும்போது அதனை 'வளைய அமைப்பு' என்றும் கூறுவர்.

இக்கருத்தாக்கம் பயனுடையது, அதே வேளையில் இடருடையது. போதிய தலைப்புகளை இட்டுக்கொண்டால் ஏறத்தாழ எந்தக் கதையையும் கண்ணாடி அமைப்பிற்குள் அடக்கிவிட இயலும். அவ்வாறு அடக்கிய பின் அதனையே சான்றாகக் கொண்டு, 'இக்கதை ஒருவரால் இயற்றப்பட்டது', 'இதன் மையக் கருத்து இதுவே' என முடிவுரைப்பதும் நிகழ்கிறது. எனவே அமைப்பை விளக்குவதோடு, அதனை மதிப்பிடும் முறையையும் விளக்குதல் தேவையாகிறது.

ஆய்வு வரலாறு

எபிரேயச் செய்யுளின் இயல்பை முறைப்படி விளக்கிய முன்னோடி, ஆக்ஸ்போர்டில் செய்யுட் பேராசிரியராக இருந்த ராபர்ட் லோத். 1753இல் இலத்தீனில் வெளிவந்த அவருடைய சொற்பொழிவுகள், அடிகளுக்கிடையே அமையும் இணைவே எபிரேயச் செய்யுளின் அடிப்படை எனக் காட்டின. அதற்கு முன்பே 1742இல் ஜெர்மானிய அறிஞர் பெங்கல், புதிய ஏற்பாட்டிற்கு எழுதிய விளக்கநூலில் எதிரிணை அமைப்புகளைச் சுட்டியிருந்தார். லோத்தின் இணைவுக் கொள்கையை விரித்த ஜான் ஜெப் 1820இலும் தாமஸ் பாய்ஸ் 1824இலும், அடிகள் எதிர்வரிசையில் இணைவதைத் தனி வகையாக விளக்கினர். 1942இல் நில்ஸ் லுண்ட் எழுதிய நூல் இவ்வாய்வை விரிவுபடுத்தியது. 1981இல் ஜான் வெல்ச் பதிப்பித்த தொகுப்பு, எபிரேயம் மட்டுமன்றிப் பிற பழைய மொழிகளிலும் இவ்வமைப்பை ஆராய்ந்தது. மானிடவியலாளர் மேரி டக்ளஸ் 2007இல் வெளியிட்ட நூல் வளைய அமைப்பை விவிலியத் துறைக்கு வெளியேயும் பரவலாக அறியச் செய்தது.

லோத்தின் சொற்பொழிவுகள் வெளிவந்த அதே 1753இல், பிரெஞ்சு மருத்துவர் ழான் அஸ்ட்ரூக் தம் பெயரைக் குறிப்பிடாமல் ஒரு நூலை வெளியிட்டார். தொடக்கநூலில் கடவுளைக் குறிக்கும் பெயர்கள் மாறி வருவதைக் கொண்டு, அந்நூல் வெவ்வேறு மூல ஏடுகளிலிருந்து தொகுக்கப்பட்டது என அவர் கருதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெல்ஹவுசன் முதலியோரால் வளர்ந்த மூலத் திறனாய்வின் தொடக்கம் இதுவே. ஒரு மரபு பனுவலை இணைகளால் பின்னப்பட்டதாகக் கண்டது. மற்றொரு மரபு அதனைப் பல கைகளால் ஒட்டப்பட்டதாகக் கண்டது. இவ்விரு மரபுகளும் நேருக்கு நேர் மோதிய களம் நோவாவின் வெள்ளக் கதை.

தமிழ்க் கலைச்சொல் பற்றிய குறிப்பு

கண்ணாடி அமைப்பிற்குத் தமிழ் இலக்கண மரபிலிருந்து ஒரு சொல்லை எடுத்தாளலாமா என்னும் வினா எழுவது இயல்பு. எழுத்துகளை ஈற்றிலிருந்து படித்தாலும் அதே பாட்டாக அமைவது மாலைமாற்று. அது எழுத்து நிலையில் நிகழ்வது. சொற்களையும் அவை கொண்டு முடியும் சொற்களையும் எதிர்வரிசையில் நிறுத்துவது எதிர்நிரல்நிறை. அது சொல்நிலையில் நிகழ்ந்து பொருள்கோளுக்கு உதவுவது. செய்யுளின் முதலிலும் ஈற்றிலும் நிற்கும் சொற்கள் தம்முள் இயைவது விற்பூட்டு. இவற்றுள் எதிர்நிரல்நிறை நெருங்கிய உறவுடையதாயினும், அதில் இணைவன பெயரும் அதன் முடிபும் போன்ற இலக்கண உறுப்புகள். எபிரேயக் கதைகளில் இணைவனவோ நிகழ்ச்சிகளும் மீண்டு வரும் சொற்களும் ஆகும். ஆதலின் இக்கட்டுரை 'கண்ணாடி அமைப்பு' என்னும் பொதுச்சொல்லையும், அதன் உறுப்புகளுக்கு 'எதிரிணை' என்பதையும் ஆள்கிறது.

தொடர்நிலையும் கதைநிலையும்

ஒற்றைத் தொடருள் அமையும் கண்ணாடி அமைப்பிற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, கொலைக்குரிய தண்டனையைக் கூறும் தொடக்கநூல் 9:6இன் முற்பகுதி. எபிரேயத்தில் அது ஆறே சொற்களால் ஆனது. சிந்துதல், குருதி, மனிதன் என்னும் மூன்றும் முதற்பாதியில் இவ்வரிசையில் நிற்கின்றன. இரண்டாம் பாதியில் மனிதன், குருதி, சிந்துதல் என மீள்கின்றன. குற்றமும் தண்டனையும் ஒத்த அளவின என்னும் நீதிக் கருத்தைச் சொல்வரிசையே உணர்த்துகிறது.

தமிழில் பெயர்க்கும்போது இவ்வரிசை நிலைப்பதில்லை. தமிழில் வினை தொடரின் ஈற்றில் நிற்பது இயல்பாதலின், சிந்துதலைக் குறிக்கும் வினை இரு பாதிகளிலும் இறுதிக்கே வந்துவிடுகிறது. எதிர்வரிசை நேர்வரிசையை ஒத்ததாக மாறுகிறது. கதைநிலையில் இவ்விழப்பு குறைவு. நிகழ்ச்சிகளின் வரிசை மொழிபெயர்ப்பில் மாறுவதில்லை. ஆயினும் அந்நிகழ்ச்சிகளை இணைக்கும் ஒரே எபிரேயச் சொல், மொழிபெயர்ப்பில் இரு வேறு சொற்களாகப் பிரிந்துவிடக்கூடும். ஆகவே எதிரிணைகளை மதிப்பிட மூலமொழிப் பாடமே அடிப்படையாதல் வேண்டும்.

பாபேல்: ஒன்பது வசனங்களில் ஒரு கண்ணாடி

தொடக்கநூல் 11:1-9 பகுதியின் அமைப்பை ஃபோக்கெல்மன் 1975இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். அப்பகுதியின் எதிரிணைகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

அ1. உலகு முழுவதற்கும் ஒரே மொழி (11:1)
ஆ1. 'அங்கே' மக்கள் குடியேறுதல் (11:2)
இ1. ஒருவர் மற்றவரோடு பேசுதல் (11:3)
ஈ1. 'வாருங்கள்' என்னும் அழைப்பு. செங்கல் செய்தல் (11:3)
உ1. நகரும் கோபுரமும் கட்டத் துணிதல் (11:4)
ஊ. ஆண்டவர் பார்க்க இறங்கி வருதல் (11:5)
உ2. மனிதர் கட்டிய நகரும் கோபுரமும் (11:5)
ஈ2. 'வாருங்கள்' என்னும் அழைப்பு. மொழியைக் குழப்புதல் (11:7)
இ2. ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாமை (11:7)
ஆ2. 'அங்கிருந்து' மக்கள் சிதறுதல் (11:8)
அ2. உலகு முழுவதன் மொழி குழம்புதல் (11:9)

இவற்றுள் சில இணைகள் கதையால் வேண்டப்படுபவை. ஒரே மொழி பல மொழியான கதையில் தொடக்கமும் முடிவும் மொழியைப் பற்றியே இருக்கும். அதனைக் கொண்டு கண்ணாடி அமைப்பை நிறுவ இயலாது. ஆனால் மக்கள் ஒருவரையொருவர் அழைக்கும் அதே ஏவற்சொல்லைக் கடவுளும் ஆள வேண்டிய தேவை கதையில் இல்லை. 'ஒருவர் – மற்றவர்' என்பதற்குரிய அதே எபிரேய வழக்கு 11:3இலும் 11:7இலும் வரவேண்டிய கட்டாயமும் இல்லை. இவை கதை கோராத இணைகள்.

இவற்றினும் நுண்ணியது ஒலியமைப்பு. செங்கல் செய்தலைக் குறிக்கும் எபிரேயச் சொல்லின் வேர்மெய்கள் ல்-ப்-ன். 'குழப்புவோம்' எனப் பொருள்படும் வினைவடிவத்தில் தொடர்ந்து ஒலிக்கும் மெய்கள் ன்-ப்-ல். மனிதர் அடுக்கியதைக் கடவுள் கலைப்பது கதைப்பொருள். அடுக்குதலைக் குறிக்கும் சொல்லின் மெய்கள் கலைத்தலைக் குறிக்கும் சொல்லில் தலைகீழாகின்றன. கதையின் பெரிய அமைப்பு ஒரு சொல்லின் சிறிய அமைப்பிலும் எதிரொலிக்கிறது. மையமாக நிற்கும் 11:5 கதைப்போக்கு திரும்பும் இடமாகவும் உள்ளது. வானளாவக் கருதிய கோபுரத்தைக் காணக் கடவுள் இறங்கி வரவேண்டியிருந்தது என்னும் அங்கதம் அம்மையத்தில்தான் அமைகிறது.

'வாருங்கள்' என்னும் சொல் முற்பாதியில் 11:3, 11:4 என இருமுறையும் பிற்பாதியில் ஒருமுறையும் வருகிறது. 'அங்கே' என்பதும் பிற்பாதியில் பலமுறை மீள்கிறது. எனவே கண்ணாடி துல்லியமான கணக்கிற்கு உட்பட்டதன்று. இருப்பினும் கதை கோராத இணைகள் ஒன்பது வசனங்களுக்குள் இத்துணை செறிந்து வருவதைத் தற்செயல் எனக் கொள்ளுதல் அரிது.

வெள்ளக் கதை: அமைப்பு எதனை நிறுவுகிறது?

தொடக்கநூல் 6 முதல் 9 வரையிலான வெள்ளக் கதையை மூலத் திறனாய்வாளர் இரு மூலங்களின் கலப்பாகக் கண்டனர். ஒன்று யாவே மரபு, மற்றொன்று குருத்துவ மரபு. விலங்குகள் ஓரிடத்தில் இணை இணையாகவும் (6:19) மற்றோரிடத்தில் தூயவை ஏழேழாகவும் (7:2) கொள்ளப்படுவது, கால அளவு ஓரிடத்தில் 40 நாளாகவும் மற்றோரிடத்தில் 150 நாளாகவும் வருவது முதலியன அதற்குச் சான்றுகள்.

1978இல் கார்டன் வென்ஹாம், இக்கதை முழுவதும் ஒரு பெரிய கண்ணாடி அமைப்பாக உள்ளது எனக் காட்டினார். அவர் தந்த சான்றுகளுள் வலியது நாட்களின் வரிசை: 7 (7:4), 7 (7:10), 40 (7:17), 150 (7:24), பின்னர் 150 (8:3), 40 (8:6), 7 (8:10), 7 (8:12). இரண்டு 150களுக்கும் இடையே, கடவுள் நோவாவை நினைவுகூர்ந்தார் என்னும் செய்தி (8:1) மையமாகிறது. நீர் ஏறுவது அம்மையம் வரை, இறங்குவது அதன்பின்.

எமெர்ட்டன் 1987, 1988ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக எழுதிய கட்டுரையில், வென்ஹாம் உள்ளிட்டோர் கதையின் ஒருமையை நிறுவ முன்வைத்த வாதங்களை மறுத்தார். பாடத்தை நேரே நோக்கும்போது கண்ணாடியின் பிசிறுகள் புலப்படுகின்றன. 7:4, 7:10 ஆகிய இரண்டும் ஒரே வாரத்தைக் குறிப்பவை. முன்னது அறிவிப்பு, பின்னது நிறைவேற்றம். 8:10, 8:12 ஆகியவையோ இரு வேறு வாரங்கள். 40 நாள் என்பது முற்பாதியில் 7:4, 7:12, 7:17 என மூன்று இடங்களில் வருகிறது, பிற்பாதியில் ஒருமுறையே. இரண்டு 150 நாட்களும் ஒரே கால அளவு என்பது தேதிகளால் விளங்கும்: வெள்ளம் தொடங்கியது இரண்டாம் மாதம் 17ஆம் நாள் (7:11), பேழை தங்கியது ஏழாம் மாதம் 17ஆம் நாள் (8:4). ஆழத்தின் ஊற்றுகளும் வானத்தின் மதகுகளும் திறந்தது 40 நாளுக்கு முன் கூறப்படுகிறது. எதிர்வரிசைப்படி அவை அடைபட்டது பிற்பாதியின் 40 நாளுக்குப் பின் வரவேண்டும். ஆனால் மையத்தை ஒட்டி 8:2இலேயே வந்துவிடுகிறது. நோவா பலி செலுத்தும் நிகழ்ச்சிக்கு (8:20-22) முற்பாதியில் நேர் இணை இல்லை.

பேழையில் நுழைதல் – வெளியேறுதல், மலைகள் மூழ்குதல் – தோன்றுதல் என்னும் இணைகளும் இங்கு வலுவான சான்றாகா. நீர் ஏறி இறங்கும் எந்தக் கதையிலும் அவை வந்தே தீரும். எஞ்சுவது எண்களின் வரிசை. அவ்வரிசை நாட்காட்டியில் அமைந்ததன்று. நாட்களைக் குறிப்பிடும் முறையில் அமைந்தது. ஒரே 150 நாளை மையத்தின் இரு புறமும் இருமுறை கூற வேண்டிய தேவை கதையில் இல்லை. பிற்பாதியிலும் 40 என்னும் எண்ணே வரவேண்டிய தேவையும் இல்லை. எனவே பிசிறுகளைக் கழித்த பின்னும் ஒரு கண்ணாடி மிஞ்சுகிறது.

அது எதனை நிறுவுகிறது என்பதே முதன்மையான வினா. மூலத் திறனாய்வாளரின் பகுப்பின்படி 7, 40 ஆகிய எண்கள் பெரும்பாலும் யாவே மரபினவை; 150 என்னும் எண்ணும் மையமாகிய 8:1உம் குருத்துவ மரபினவை. மூலங்களைத் தனித்தனியே பிரித்தால் ஒன்றில் மையமும் 150உம் இல்லை. மற்றொன்றில் 7, 40 என்னும் வரிசை இல்லை. முழுக் கண்ணாடி இணைந்த பாடத்தில் மட்டுமே தோன்றுகிறது. இதனைக் கொண்டு மூலங்களே இல்லை எனக் கூறலாம்; மூலங்களை இணைத்தவர் கண்ணாடியாக அமைத்தார் எனவும் கூறலாம். கண்ணாடி அமைப்பு இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்து தருவதில்லை. விலங்குகளின் எண்ணிக்கை வேறுபாடு போன்ற முரண்களுக்கு அது விடை கூறுவதுமில்லை. ஆனால் தொகுப்பாளர் ஏடுகளை வெறுமனே ஒட்டியவர் என்னும் பழைய எண்ணத்தை அது வலுவிழக்கச் செய்கிறது. இறுதிப் பாடத்திற்கு ஒரு வடிவ நோக்கம் இருந்தது என்பதே அது நிறுவும் செய்தி. ஆசிரியர் ஒருவரே என்பது அன்று.

யாக்கோபு: சென்று மீளும் கதை

யாக்கோபின் கதைத்தொகுதி (25:19-35:22) கண்ணாடியாக அமைந்தது என மைக்கேல் ஃபிஷ்பேன் 1975இல் எழுதினார். யாக்கோபு அண்ணன் ஏசாவுக்கு அஞ்சி ஓடுகிறான். மாமன் லாபானிடம் தங்குகிறான். மீண்டு வந்து அண்ணனைச் சந்திக்கிறான். பயணக் கதை எதுவும் இவ்வாறு சென்று மீளும். ஆகவே போதல் – வருதல், பகை – இணக்கம் என்னும் தலைப்புகள் மட்டும் சான்றாகா.

எனினும் சொல்நிலையில் கதை கோராத இணைகள் உள்ளன. யாக்கோபு புறப்படும்போது கதிரவன் மறைகிறது (28:11). யாபோக்கு ஆற்றங்கரையில் போராடிய இரவுக்குப் பின் கதிரவன் அவனுக்கு எழுகிறது (32:31). புறப்பட்ட இரவில் அவன் அவ்விடத்தை எதிர்ப்பட்டதைக் கூறும் எபிரேய வினையே, 32ஆம் அதிகாரத் தொடக்கத்தில் கடவுளின் தூதர் அவனை எதிர்ப்பட்டதைக் கூறவும் ஆளப்படுகிறது. கடவுளின் தூதர் இரு இடங்களிலும் தோன்றுகின்றனர். அண்ணனிடமிருந்து வஞ்சித்துப் பெற்றது 'ஆசி' (27ஆம் அதிகாரம்). மீண்டு வந்தபோது அண்ணனுக்கு அளிக்கும் காணிக்கையையும் யாக்கோபு அதே சொல்லால் குறிக்கிறான் (33:11). காணிக்கைக்கு உரிய வேறு சொல் அதற்கு முந்தைய வசனத்திலேயே இருந்தும் இங்கு 'ஆசி' என்னும் சொல் வருவது, பறித்ததைத் திருப்பித் தரும் குறிப்பை உடையது. பொதுச்சொல் ஒன்றால் மொழிபெயர்க்கும்போது இக்குறிப்பு மறைந்துவிடும்.

இத்தொகுதியின் நடுவே பிள்ளைகள் பிறக்கும் பகுதி உள்ளது. கடவுள் ராகேலை நினைவுகூர்ந்தார் என்னும் செய்தி (30:22) அங்கு வருகிறது. யோசேப்பு பிறந்த உடனே யாக்கோபு ஊர் திரும்ப விடை கேட்கிறான் (30:25). வெள்ளக் கதையின் மையத்தில் நின்ற அதே வினையே இங்கும் திருப்பத்தில் நிற்பது நோக்கத்தக்கது. கடவுள் நினைவுகூர்வதால் நிலைமை திரும்புகிறது என்னும் கருத்தை இக்கதைகள் அறிவுரையாக உரைப்பதில்லை. கதையின் நடுவில் வைத்து உணர்த்துகின்றன.

தானியேல்: பாடத்திற்கு வெளியிலான சான்று

தானியேல் நூலின் 2 முதல் 7 வரையிலான அதிகாரங்களைக் கண்ணாடி அமைப்பாக லெங்லெ 1972இல் விளக்கினார். 2, 7 ஆகியவை நான்கு அரசுகள் பற்றிய காட்சிகள். முன்னதில் உலோகச் சிலை, பின்னதில் நான்கு விலங்குகள். 3, 6 ஆகியவை விடுதலைக் கதைகள். முன்னதில் தீச்சூளை, பின்னதில் சிங்கக் குகை. 4, 5 ஆகியவை செருக்குற்ற அரசர் இருவர் மீதான தீர்ப்புகள். இங்குத் தனி மையம் இல்லை; நடு இணையே மையம்.

தலைப்புகளால் ஆகிய இவ்வமைப்பிற்கு வலிமை தரும் இரு சான்றுகள் உள்ளன. முதலாவது மொழி. தானியேல் நூல் எபிரேயத்தில் தொடங்கி, 2:4இன் இடையில் அரமேயத்திற்கு மாறி, 7ஆம் அதிகார முடிவு வரை அம்மொழியிலேயே தொடர்ந்து, 8இல் எபிரேயத்திற்கு மீள்கிறது. கண்ணாடியின் எல்லையும் மொழியின் எல்லையும் ஏறத்தாழ ஒன்றுகின்றன. இரண்டாவது கால வரிசை. அரசன் பெல்சாட்சர் 5ஆம் அதிகாரத்தில் இறந்துவிடுகிறான். 7ஆம் அதிகாரமோ அவனது முதலாம் ஆட்சியாண்டிற்குரியது. காலவரிசையைப் பேணியிருந்தால் அது 5ஆம் அதிகாரத்திற்கு முன் நிற்க வேண்டும். அது 2ஆம் அதிகாரத்திற்கு எதிரிணையாகும் இடத்தில் நிற்பதற்குக் காலம் காரணமன்று. ஆய்வாளரின் தலைப்புகளைச் சாராத இத்தகைய சான்றுகள் அமைப்பின் நம்பகத்தை உயர்த்துகின்றன.

மதிப்பீட்டு நெறிகள்

மேற்கண்ட நான்கு பகுதிகளிலிருந்து பெறப்படும் நெறிகள் நான்கு.

1. இணை என்பது பாடத்தில் உள்ள சொல், எண், வழக்கு ஆகியவற்றால் காட்டப்படல் வேண்டும். ஆய்வாளர் இட்ட தலைப்புகள் ஒத்திருப்பது போதாது.
2. கதை நிகழ்ச்சி தானே கோரும் இணைகளை எண்ணிக்கையில் சேர்த்தல் ஆகாது.
3. வரிசைக்கு அடங்காத கூறுகளையும் மிகுதியாக வரும் கூறுகளையும் மறைக்காது காட்டல் வேண்டும்.
4. மொழி மாற்றம், காலவரிசைப் பிறழ்ச்சி போன்ற புறச்சான்று உள்ளதா என நோக்கல் வேண்டும்.

இந்நெறிகளின்படி பாபேல் கதை வலிய சான்று. தானியேல் பகுதி சொல்நிலையில் மெலிந்து புறச்சான்றால் வலுப்பெறுகிறது. வெள்ளக் கதையில் எண்வரிசை நிலைக்கிறது. பிற இணைகள் பலவும் நிலைப்பதில்லை. யாக்கோபு கதையில் தனித்தனி எதிரிணைகள் உறுதியானவை. முழுத்தொகுதியும் ஒரே கண்ணாடி என்னும் கூற்றிற்கு மேலும் சான்று தேவை.

முடிவுரை

எபிரேய விவிலியத்தில் இன்று காணும் அதிகாரப் பகுப்பு மூலப் பாடத்திற்கு உரியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஏற்பட்ட பகுப்பின் வழி வந்தது. அத்தகைய பகுப்பு இல்லாத பாடத்தில், கதை எங்குத் தொடங்கித் திரும்பி முடிகிறது என்பதைக் கேட்போருக்கு உணர்த்தும் வழிகளுள் ஒன்றாக மீண்டு வரும் சொற்கள் பயன்பட்டிருத்தல் கூடும். கண்ணாடி அமைப்பை அலங்காரமாக மட்டும் கருதாமல், கதைப்பொருளை ஏந்தி நிற்கும் சட்டமாகக் கருதுதல் பொருந்தும்.

ஆயினும் அமைப்பு எத்துணை அழகுடையதாயினும் அது தன் எல்லைக்கு அப்பாற்பட்டதற்குச் சான்றாகாது. பாடத்தின் இறுதி வடிவத்தைப் பற்றி அது பேசும். அவ்வடிவத்தை அடையும் முன் பாடம் கடந்து வந்த வழியைப் பற்றி அது பெரும்பாலும் பேசாது. கதை கோரும் இணையையும் கோராத இணையையும் பிரித்தறியும் இம்முறை எபிரேயத்திற்கு மட்டும் உரியதன்று. எம்மொழிப் பழம்பனுவலிலும் வளைய அமைப்பைக் காண முற்படும் ஆய்வாளர், தாம் வரையும் கட்டத்தை நிரப்பும் முன் இவ்வினாவைத் தொடுத்துக்கொள்ளுதல் நலம்: இவ்விணை இல்லாமலும் இக்கதை நிகழ்ந்திருக்குமா? நிகழ்ந்திருக்கும் என்றால், அவ்விணை அங்கு அமைந்திருப்பதற்கு விளக்கம் தேவை. அவ்விளக்கத்திலிருந்தே அமைப்பாய்வு தொடங்குதல் வேண்டும்.